உடையும் மதிப்பும்: படைவீரர் கோலம் குறித்த சமூகப் பார்வை – புறநானூறு முதல் வேலூர் எழுச்சி வரை

ஆய்வுச் சுருக்கம்

படைவீரர் உடைக்குப் பொதுவெளியில் கிடைக்கும் மதிப்பும் இகழ்ச்சியும் உடையின் இயல்பால் அமைவனவா, அதனைக் காண்போர் கொள்ளும் பொருளால் அமைவனவா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. சங்க இலக்கியத்தின் பூவும் ஆடையும், 1805–1806இல் சென்னைப் படைக்கு விதிக்கப்பட்ட உடைமாற்றம், 1943இல் தோன்றிய ஜான்சிராணிப் படைப்பிரிவு ஆகியன இதற்குச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: சீருடை, புறத்திணை, வேலூர் எழுச்சி, தலைப்பாகை, சிப்பாய், ஜான்சிராணிப் படை.

முன்னுரை

சீருடை அணிந்த ஒருவர் பேருந்திலோ கோயில் வாயிலிலோ கடைத்தெருவிலோ நிற்கும்போது, அவரது பெயரும் ஊரும் குலமும் அறியாதோரும் அவரிடம் குறிப்பிட்டதொரு முறையில் நடந்துகொள்கின்றனர். ஆளைக் காணுமுன் உடையைக் காண்கின்றனர். படைவீரர் அல்லாதார், தம்மைப் படைவீரர் எனப் பிறர் நம்ப வேண்டும் என்னும் எண்ணத்துடன் அவ்வுடையை அணிவதை 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 140ஆம் பிரிவில் குற்றமாக்கியது. அவ்விதி 2023ஆம் ஆண்டின் பாரதிய நியாய சன்ஹிதாவில் 168ஆம் பிரிவாகத் தொடர்கிறது. உடை பெற்றுத்தரும் நம்பிக்கை சட்டத்தால் காக்கப்பட வேண்டிய அளவுக்கு வலியது என்பதை இது காட்டும். எனினும், அதே உடை இகழ்ச்சியைப் பெற்றுத்தந்த காலமும் உண்டு.

அடையாளப் பூவும் அதனை அறிவோரும்

பழந்தமிழ்ப் போர்மரபில் ஒரே வகைத் துணியாலான சீருடை பேசப்படவில்லை. பூவே அடையாளமாக நின்றது. இவ்வடையாளம் இருவகைப்படும். வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை முதலியன போர்ச்செயலைச் சுட்டுவன. பனம்பூ, ஆத்தி, வேம்பு ஆகியன முறையே சேரர், சோழர், பாண்டியர் என்னும் மரபைச் சுட்டுவன. இரண்டாம் வகைப் பூக்கள் எப்படையினர் எவர் என வேறுபாடு தெரிவதற்காகச் சூடப்பட்டன என்பது தொல்காப்பியப் புறத்திணையியலால் அறியப்படும்.

நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் பகைத்து நின்றபோது கோவூர்கிழார் பாடிய புறநானூற்று 45ஆம் பாடல் இங்குக் கருதத்தக்கது. எதிரெதிர் நின்ற இருவரும் ஆத்திமாலையே சூடியிருந்தனர். அதனைச் சுட்டிக்காட்டிய புலவர், எவர் தோற்பினும் தோற்பது ஒரே குடியே என்றார். வேறுபாடு காட்ட வேண்டிய பூ அங்கு ஒற்றுமையைக் காட்டிற்று. அணிந்தோர் மறந்த பொருளைக் கண்டவர் எடுத்துரைத்தார். ஆகவே, அடையாளத்தின் பொருளை அணிபவர் மட்டும் முடிவு செய்வதில்லை. அவரைச் சூழ்ந்து நிற்கும் சமூகமும் முடிவு செய்கிறது.

தாய் உடுத்திய ஆடை

ஒக்கூர் மாசாத்தியாரின் புறநானூற்று 279ஆம் பாடலில், தந்தையையும் கணவனையும் அடுத்தடுத்துப் போரில் இழந்த பெண் ஒருத்தி, போர்ப்பறை கேட்டதும் தன் ஒரே மகனுக்கு வெள்ளாடை உடுத்தி, குடுமியில் எண்ணெய் தடவி, கையில் வேல் தந்து அனுப்புகிறாள். போர்க்கோலத்தை அமைப்பவள் தாய். ஆடையும் தலைமயிரும் அவள் கைப்பட்டே களத்துக்குரியவை ஆகின்றன. வீட்டில் மகனாக இருப்பதற்கும் களத்தில் வீரனாக இருப்பதற்கும் இடையே இக்கோலம் பிளவை உண்டாக்கவில்லை. இவ்விணைப்பு அறுந்தபோது நேர்ந்தது என்ன என்பதற்கு வேலூர் சான்றாகிறது.

1805ஆம் ஆண்டு ஆணை

கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படைத்தலைவர் சர் ஜான் கிரடாக் காலத்தில், 1805 நவம்பரில் புதிய உடைவிதிகள் வகுக்கப்பட்டன. சீருடையில் இருக்கும்போது நெற்றியில் சமயக்குறி இடுதல், காதணி அணிதல் ஆகியன தடுக்கப்பட்டன. தாடி மழிக்கப்பட வேண்டும். மீசை ஒரே வகையாக அமைய வேண்டும். பழைய தலைப்பாகைக்கு மாற்றாகத் தோற்சின்னம் பொருத்திய புதிய தலையணி வந்தது. அது ஐரோப்பியர் தொப்பியை ஒத்திருந்தது.

சென்னைப் படையின் சிப்பாய்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்பிருந்தே சிவப்புச் சட்டை அணிந்தவர்கள் என்பது இங்கு நினைக்கத்தக்கது. சட்டையின் அயன்மை அவர்களைக் கிளர்ந்தெழச் செய்யவில்லை. நெற்றி, காது, முகமயிர், தலை ஆகியன ஒருவர் எக்குடியினர், எச்சமயத்தினர் என்பதை ஊருக்கு அறிவிக்கும் இடங்கள். புதிய விதி கைவைத்தது அவ்விடங்களிலேயே. திருநீறோ திருமண்ணோ இட்டவர்க்கும் தாடி வளர்த்தவர்க்கும் இழப்பு ஒன்றாகவே இருந்தது. இந்து, இசுலாமியச் சிப்பாய்கள் இணைந்து எதிர்த்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

ஊரின் பார்வை

தொப்பி அணிதல் கிறித்தவராதலின் அடையாளம் என்பது அக்காலத்துப் பொதுநம்பிக்கை. உடையால் மக்களைப் பெயரிட்டு வழங்கும் வழக்கமும் தமிழில் இருந்தது. ஐரோப்பியக் கலப்பினத்தாரைச் ‘சட்டைக்காரர்’ என்றது இதற்குச் சான்று. இத்தகைய சூழலில் புதிய தலையணி அணிந்த சிப்பாய்கள் கடைத்தெருவில் ஏளனத்துக்கு உள்ளாயினர் என்பதையும், உறவினர் உடனுண்ணவும் மணவுறவு கொள்ளவும் மறுப்பர் என அஞ்சினர் என்பதையும் வரலாற்றாசிரியர்கள் எடுத்துரைக்கின்றனர்.

1806 மே மாதம் வேலூரில் ஒரு படைப்பிரிவினர் புதிய தலையணியை ஏற்க மறுத்துத் தண்டனை பெற்றனர். ஜூலை 10 அதிகாலையில் எழுச்சி வெடித்தது. ஆர்க்காட்டிலிருந்து ரோலோ கில்லஸ்பி தலைமையில் வந்த படை அன்றே அதனை ஒடுக்கியது. ஐரோப்பியர் நூற்றுக்கு மேற்பட்டோரும் சிப்பாய்கள் பல நூற்றுவரும் மாண்டனர். விசாரணைக்குழு உடைமாற்றத்தையும், திப்புவின் மக்கள் வேலூர்க் கோட்டையில் இருந்தமையையும் முதன்மைக் காரணங்களாகக் கொண்டது. உடைவிதிகள் விலக்கப்பட்டன. கிரடாக்கும் ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் 1807இல் திரும்ப அழைக்கப்பட்டனர்.

எழுச்சியின் அரசியல் காரணங்களை இது மறுப்பதாகாது. ஆயினும், படைமுகாமைச் சூழ்ந்த ஊர்களையும் கருத்திற்கொள்ள வேண்டும். காஞ்சிபுரத்தின் மேற்கே ஆர்க்காடும் வேலூரும், அணித்தே கிழக்கில் வாலாஜாபாத்தும் கம்பெனியின் படைத்தளங்களாக இருந்தன. முசரவாக்கம் முதலிய காஞ்சிச் சிற்றூர்கள் இவற்றுக்கு இடைப்பட்டவை. வாலாஜாபாத்திலும் 1806இல் அமைதியின்மை நிலவியது. முகாமின் சிப்பாய் இத்தகைய ஊர்களின் சந்தைக்கும் கோயிலுக்கும் திருமண வீட்டுக்கும் சென்று வர வேண்டியவன். அவனுக்கு ஊதியம் தந்தது கம்பெனி. மதிப்புத் தந்தது ஊர். புதிய உடை முன்னதைக் காத்துப் பின்னதை இழக்கச் செய்தது.

கூலியும் ராணியும்

வேலூருக்கு எதிர்நிலைச் சான்று மலாயாவில் கிடைக்கிறது. 1943இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் நிறுவிய ஜான்சிராணிப் படைப்பிரிவுக்குச் சென்னையைச் சேர்ந்த மருத்துவர் லட்சுமி சுவாமிநாதன் தலைமை ஏற்றார். இரப்பர்த் தோட்டங்களைச் சேர்ந்த தமிழ்ப் பெண்கள் அதில் பெருந்தொகையினராக இருந்தனர். காற்சட்டையும் தொப்பியும் அவர்களது உடையாயின. பலர் கூந்தலையும் குறைத்துக்கொண்டனர். மரபுவழிக் கோலத்திலிருந்து விலகிய அளவில் இது 1805ஆம் ஆண்டு விதியினும் பெரிய மாற்றம். ஆயினும், இதனை அவர்கள் இழிவாகக் கொள்ளவில்லை. தோட்டத்தில் ‘கூலி’ என அழைக்கப்பட்டவர்கள் படையில் ‘ராணி’ என அழைக்கப்பட்டனர். அங்கே உடை விளிச்சொல்லை உயர்த்தியது, வேலூரில் தாழ்த்தியது. தாமே விரும்பி ஏற்றமையும், தம் சமூகத்தில் ஒரு பகுதியினரேனும் அவ்வுடைக்கு விடுதலை என்னும் பொருள் கற்பித்தமையும் இவ்வேறுபாட்டுக்குக் காரணங்களாகும்.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. படைக்கோலத்துக்கு இயல்பான மதிப்போ இழிவோ இல்லை. காண்போர் தரும் பொருளே நடத்தையைத் தீர்மானிக்கிறது. அணிபவரின் வீட்டு அடையாளத்தோடு இயைந்த உடை மதிப்பைப் பெருக்குகிறது. அவ்வடையாளத்தை வலிந்து அழிக்கும் உடை, அணிபவரை அவரது ஊரிலேயே அயலாராக்குகிறது. உடைமாற்றம் எத்துணைப் பெரிது என்பதைவிட, அது விரும்பி ஏற்கப்பட்டதா விதிக்கப்பட்டதா என்பதே இன்றியமையாதது. வேலூர்ச் சிப்பாய்கள் எதிர்த்தது தலையணியின் வடிவத்தை மட்டுமன்று. அதனை அணிந்தபின் தம் தெருவில் தமக்குக் கிடைக்கவிருந்த பார்வையையும் ஆகும்.