தண்டவாளத்துக்குத் துணை தந்திக் கம்பம்



பழைய ரயில் படங்களைப் பாருங்க. தண்டவாளத்தை ஒட்டியே வரிசையாகக் கம்பங்கள் நிற்கும். அவை கரண்டுக் கம்பம் அல்ல, தந்திக் கம்பம். அதை ஏன் ரயில் பாதை ஓரமா நட்டாங்க?

ஆரம்பத்தில் கம்பமே கிடையாது. 1839-இல் இங்கிலாந்தில் குக், வீட்ஸ்டன் இருவரும் பாடிங்டன் நிலையத்திலிருந்து 13 மைல் தூரம் இரும்புக் குழாய்க்குள் தந்திக் கம்பி அமைத்தார்கள். 1843-இல் ஸ்லவ் ஊர் வரை நீட்டும்போது கம்பத்துக்கு மாறிவிட்டார்கள்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். வாஷிங்டன் – பால்டிமோர் ரயில் பாதை ஓரம் தந்தி அமைக்க, 1843-இல் அரசு மோர்ஸுக்கு 30,000 டாலர் கொடுத்தது. கம்பியை ஈயக் குழாயில் வைத்துப் புதைத்தார்கள். மின்சாரம் கசிந்து செய்தி போகவில்லை. பணமோ கரைந்துகொண்டே வந்தது! பிறகுதான் கம்பம் நட்டுக் கட்டினார்கள். 1844 மே 24-இல் செய்தி போய்ச் சேர்ந்தது.

கம்பம் ஏன் ஜெயித்தது? காற்று மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் கம்பிக்கு உறையே வேண்டாம். கம்பத்தைத் தொடும் இடத்தில் மட்டும் கண்ணாடியோ பீங்கானோ வைத்தால் போதும். அவை அரிதிற்கடத்திகள்.

ரயில் பாதை ஓரம் நட்டதற்குக் காரணங்கள்:

1. நிலம் ஏற்கெனவே வாங்கி, காடு வெட்டிச் சமப்படுத்தியது.
2. கம்பங்களை ரயிலிலேயே ஏற்றிவந்து இறக்கலாம்.
3. பாதையைப் பார்க்க வரும் ஆளே அறுந்த கம்பியையும் பார்த்துவிடுவார்.
4. ரயிலுக்கே தந்தி தேவை.

நாலாவதுதான் முக்கியம். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே இரண்டு ரயில் வந்தால் என்ன ஆகும்? ஒன்று தாமதமானால் மற்றது வழியிலேயே காத்துக் கிடக்கும். 1851-இல் அமெரிக்காவின் ஈரி ரயில்வேயில் சார்லஸ் மினாட் என்ற அதிகாரி, எதிரே வரும் ரயிலை ஒரு நிலையத்தில் நிறுத்தத் தந்தி கொடுத்தார். டிரைவர் பயந்து ரயிலை எடுக்க மறுத்ததால் மினாட்டே ஓட்டிப் போனாராம்!

1845-இல் ஸ்லவ் அருகே கொலை செய்தவன் ரயிலேறி லண்டனுக்குத் தப்பினான். அவன் இறங்கும் முன்பே தந்தி போய்விட்டது. போலீஸ் பின்தொடர்ந்து போய் மறுநாள் பிடித்தது.

வளைவில் கம்பி இழுத்து, கம்பம் உள்பக்கமா சாயும். அதனால் வெளிப்பக்கம் ஸ்டே கம்பி கட்டுவார்கள்.

நம் நாட்டில் தந்திச் சேவை 2013 ஜூலையில் முடிந்தது. ஆனால் இன்று இணையத்துக்கான கண்ணாடி இழைகள் அதே ரயில் பாதை ஓரம்தான் போகின்றன, அதுவும் மண்ணுக்குள்! அன்று புதைத்த கம்பி தோற்றது, இன்று புதைத்த இழை ஜெயித்தது. ஏன்? அதில் போவது மின்சாரம் இல்லை, ஒளி. ஈர மண்ணில் ஒளி கசியாது.

சிந்திக்க: கரண்டுக் கம்பத்தின் உச்சியில் பீங்கான் எதற்கு?

– ஒன்பதாம் வகுப்பு மாணவி