வீட்டுக்கே வரும் ஓட்டுச்சீட்டு



தபால் ஓட்டு என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? ஓட்டு எண்ணும் நாளில் காலை எட்டு மணிக்கு டி.வி.யில் "முதலில் தபால் ஓட்டுகள் எண்ணப்படுகின்றன" என்பார்கள். அவற்றில் பல, தேர்தல் வேலைக்குப் போகும் நம் ஆசிரியர்களைப் போன்றவர்கள் போட்டவை. ஆனால் ஒரு பெரிய நகரமே தபாலில் ஓட்டுப் போட்டு மேயரைத் தேர்ந்தெடுக்கிறது என்றால் நம்புவீர்களா? நியூசிலாந்தில் அப்படித்தான் நடக்கிறது. அங்குள்ள மிகப் பெரிய நகரமான ஆக்லாந்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. என் சித்தி அங்கே வேலை பார்க்கிறார். படித்தபோது வந்த சந்தேகங்களை அவரிடம் போனில் கேட்டேன்.

ஆக்லாந்து மாநகராட்சி

முன்பு ஆக்லாந்துப் பகுதியில் எட்டு மன்றங்கள் தனித்தனியாக இருந்தன. 2010 நவம்பர் 1 அன்று எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மாநகராட்சி ஆக்கினார்கள். ஒரு மேயர், 20 கவுன்சிலர்கள். அதற்குக் கீழே 21 உள்ளூர் வாரியங்கள். மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். தேர்தல் மூன்று வருடத்துக்கு ஒருமுறை, அக்டோபர் மாதம் நடக்கும்.

இன்னொரு விஷயம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அங்கே ஓட்டுப் போட அந்த நாட்டுக் குடிமகனாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நிரந்தரமாக வசிக்க அனுமதி பெற்று, ஒரு வருடம் தொடர்ந்து அங்கே வாழ்ந்திருந்தாலும் போதும். அதனால்தான் சித்திக்கும் ஓட்டு இருக்கிறது.

கவருக்குள் என்ன இருக்கும்?

தேர்தலுக்குச் சில வாரம் முன்பே வாக்காளர் பெயருக்கு ஒரு கவர் வரும். அதற்குள் ஓட்டுச்சீட்டும், வேட்பாளர்கள் தங்களைப் பற்றி எழுதிய ஒரு சிறு புத்தகமும், திருப்பி அனுப்ப ஒரு கவரும் இருக்கும். ஒவ்வொரு வேட்பாளருக்கும் 150 வார்த்தைதான் அனுமதி. ஆற அமரப் படித்து, டிக் அடித்து, கவரில் போட்டு அனுப்ப வேண்டியதுதான். ஸ்டாம்ப் கூட ஒட்ட வேண்டாம்.

2025 தேர்தலில் செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 11 சனிக்கிழமை நண்பகல் 12 மணி வரை நேரம் கொடுத்தார்கள். தபாலில் போடுகிறவர்கள் அக்டோபர் 7க்குள் போட்டுவிடச் சொன்னார்கள். அதற்குப் பிறகு நினைவு வந்தவர்களுக்காக சூப்பர் மார்க்கெட், நூலகம் போன்ற இடங்களில் ஆரஞ்சு நிறப் பெட்டிகளும் இருந்தன.

ஒரு மாதத்துக்கு மேல் நேரம் இருக்கிறது. வரிசை இல்லை, வெயில் இல்லை. வயதானவர்களும் நடக்க முடியாதவர்களும் கூட வீட்டில் இருந்தபடியே போடலாம். இவ்வளவு வசதி இருந்தால் எல்லாரும் ஓட்டுப் போட்டிருப்பார்கள் என்றுதான் நானும் நினைத்தேன்.

கணக்கு வேறு சொல்கிறது

1989ல் நியூசிலாந்தின் பெரும்பாலான ஊர்கள் உள்ளாட்சித் தேர்தலைத் தபாலுக்கு மாற்றின. அந்த வருடம் நாடு முழுவதும் 100க்கு 57 பேர் ஓட்டுப் போட்டார்கள். 2019ல் அது 42 ஆகக் குறைந்தது. ஆக்லாந்தில் 2022ல் சுமார் 35 பேர்தான். 2025ல் 30க்கும் கீழே போய்விட்டது. அதாவது பத்து வீட்டுக்குக் கவர் போனால் ஏழு வீட்டுக் கவர் திரும்பி வரவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த மக்களுக்கு ஓட்டுப் போடுவதே பிடிக்காதோ என்று நினைக்காதீர்கள். 2023ல் நடந்த பாராளுமன்றத் தேர்தலில் அதே நாட்டில் 100க்கு 78 பேர் ஓட்டுப் போட்டார்கள். அந்தத் தேர்தலுக்கு வாக்குச்சாவடிகள் உண்டு.

அப்படியானால் ஏன் இப்படி? சில காரணங்களைப் புரிந்துகொண்டேன். முதலாவது, கடிதப் பழக்கமே குறைந்துவிட்டது. முன்பு வாரம் ஆறு நாள் வந்த தபால்காரர், 2015க்குப் பிறகு நகரங்களில் மூன்று நாள்தான் வந்தார். தெருவில் தபால் பெட்டிகளும் குறைந்துபோயின. இரண்டாவது, வாடகை வீட்டில் இருக்கிற இளைஞர்கள் அடிக்கடி வீடு மாறுகிறார்கள். கவர் பழைய வீட்டுக்குப் போய்விடும். மூன்றாவது, வேட்பாளர்கள் யார் என்றே பலருக்குத் தெரியாது.

நான்காவது காரணம் சித்தி சொன்னது. "கவரை ஃபிரிட்ஜ்ல காந்தம் போட்டு மாட்டி வெச்சேன்டி. தினமும் கண்ணுல பட்டுது, கைக்குத்தான் வரல. இன்னும் நாள் இருக்கு, நாளைக்குப் பாத்துக்கலாம்னு இருந்துட்டேன். கடைசி வாரம்தான் கொண்டுபோய்ப் பெட்டியில போட்டேன்." நம்ம ஊர்ல ஓட்டுப் போடற நாள்னா அது ஒரு நாள். ஸ்கூலுக்கு லீவு, தெருவெல்லாம் கூட்டம், விரலில் மை. "நீங்க போட்டாச்சா?" என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள். ஃபிரிட்ஜில் தொங்குகிற கவர் யாரையும் அப்படிக் கேட்காது.

ரகசியம் என்ன ஆகும்?

இதுதான் நான் அதிகமாக யோசித்த இடம். வாக்குச்சாவடியில் மறைப்பு அட்டைக்குப் பின்னால் போகும்போது நம்மோடு யாரும் வர முடியாது. அப்பா வர முடியாது, முதலாளி வர முடியாது. ஆனால் வீட்டில் சாப்பாட்டு மேசையில் நான்கு சீட்டுகள் இருந்தால் என்ன நடக்கும்? "எல்லாச் சீட்டையும் இங்க கொடு, நானே டிக் பண்ணிடறேன்" என்று வீட்டில் ஒருவர் சொன்னால், வேண்டாம் என்று சொல்ல எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? முக்கியமாகப் பெண்களுக்கும், முதல் முறை ஓட்டுப் போடும் பிள்ளைகளுக்கும்?

திருட்டுப் பயமும் உண்டு. 2025 தேர்தலில் ஆக்லாந்தின் பாப்பாடோடோ பகுதியில் உள்ளூர் வாரியத்துக்கு நடந்த வாக்குப்பதிவில் சிலரின் சீட்டுகள் அவர்கள் கைக்கே போய்ச் சேரவில்லை. வேறு யாரோ நிரப்பி அனுப்பிவிட்டார்கள். விஷயம் நீதிமன்றம் வரை போய், அந்தப் பகுதியின் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பானது.

நம் தமிழ்நாட்டில் 2021 சட்டமன்றத் தேர்தலில் 80 வயது தாண்டியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் வீட்டிலிருந்தே ஓட்டுப் போட வழி செய்தார்கள். (2024 முதல் அந்த வயது 85.) ஆனால் சீட்டு மட்டும் தனியாக வராது, தேர்தல் அலுவலர்களும் கூடவே வருவார்கள். இந்த வேறுபாடு சின்னது இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

62 ஓட்டு

"ஒரு கவர் போகாவிட்டால் என்ன?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் இருக்கிறது. 2019ல் நியூசிலாந்தின் தலைநகரம் வெலிங்டனில் மேயர் தேர்தல் நடந்தது. அதுவும் தபால் தேர்தல்தான். ஆண்டி ஃபாஸ்டர் என்பவர் அப்போது மேயராக இருந்த ஜஸ்டின் லெஸ்டரை வென்றார். வித்தியாசம் வெறும் 62 ஓட்டு! நம்ம ஸ்கூலில் இரண்டு வகுப்புப் பிள்ளைகள் கூட அதைவிட அதிகம். வெலிங்டனில் எத்தனை ஆயிரம் கவர்கள் ஃபிரிட்ஜ் மேலேயே கிடந்திருக்கும்?

நான் நினைப்பது

தபால் ஓட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. படுக்கையில் இருக்கிற ஒரு பாட்டிக்கு அது பெரிய உதவி. ஆனால் ஓட்டை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து வைத்தால் மட்டும் போதாது. போட வேண்டும் என்ற எண்ணமும், தனியாக யோசித்துப் போட ஓர் இடமும் வேண்டும். எண்ணத்தை நாம்தான் கொண்டுவர வேண்டும். அந்த இடத்தை அரசாங்கம் தர வேண்டும். அடுத்த வருடம் எனக்குப் பதினெட்டு வயது ஆகிறது. அந்த மறைப்பு அட்டைக்குப் பின்னால் போய் நிற்க நான் ஆசையாகக் காத்திருக்கிறேன்.

தெரிந்துகொள்வோம்: இன்று ஆக்லாந்தின் ஒரு பகுதியாக இருக்கும் ஒனஹங்கா அன்று தனி ஊர். 1893ல் நியூசிலாந்துப் பெண்கள் பாராளுமன்றத் தேர்தலில் ஓட்டுரிமை பெற்றார்கள். அதே வருடம் எலிசபெத் யேட்ஸ் ஒனஹங்காவின் மேயரானார். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்திலேயே முதல் பெண் மேயர் அவர்தான்.

உங்களுக்கு ஒரு கேள்வி: நம் ஊர் உள்ளாட்சித் தேர்தல் முழுக்கத் தபாலில் நடந்தால் உங்கள் வீட்டில் எல்லாரும் அவரவர் ஓட்டை அவரவரே போடுவார்களா? வீட்டில் கேட்டுப் பாருங்கள். பதிலை ஒரு தாளில் எழுதி இந்தப் பலகைக்குக் கீழே உள்ள பெட்டியில் போடுங்கள். பெயர் எழுத வேண்டாம்.

- பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு