ஹெட்லைட்டுக்குள் பனியா, தண்ணீரா?

உனக்குத் திருவனந்தபுரத்தின் கழக்கூட்டத்தில் புது வேலை, கையில் ஒரு பழைய கார், இன்னும் கொஞ்ச நாளில் துலாவர்ஷம் என்கிற வடகிழக்குப் பருவமழை. மூன்றும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு நாள் காலையில் ஹெட்லைட் கண்ணாடியின் உட்பக்கம் வெள்ளையாகப் பனி படிந்திருக்கும். ஒர்க்‌ஷாப்பில் "செட்டையே மாற்றணும்" என்பார்கள். யூடியூபில் ஒருவர் "அடியில் ஒரு துளை போடுங்கள்" என்பார். இரண்டையும் கேட்பதற்கு முன்னால் அக்கா சொல்வதைக் கேள்.

ஹெட்லைட்டை மூச்சு விடுகிற மாதிரிதான் செய்கிறார்கள். பல்ப் எரிந்தால் உள்ளே இருக்கும் காற்று சூடாகி விரியும், அணைத்தால் சுருங்கும். போக வர வழியே இல்லையென்றால் அந்த அழுத்தத்தில் ஒட்டு விட்டுப்போகும். அதனால் பின்பக்கத்தில் வளைந்த ரப்பர் குழாய் ஒன்றோ, ஆவியை விட்டுத் தண்ணீரைத் தடுக்கும் மெல்லிய சவ்வு ஒட்டிய துளையோ வைத்திருப்பார்கள். அந்த வழியாகத்தான் ஊரின் ஈரக்காற்றும் உள்ளே போகிறது. மழை பட்டுக் கண்ணாடி குளிர்ந்ததும், சுடுசோறு வைத்து மூடிய டிபன் பாக்ஸின் மூடி வியர்ப்பது போல, உட்பக்கம் வியர்த்துவிடுகிறது.

நாம் வளர்ந்த திருநெல்வேலியில் இதை நீ அதிகம் பார்த்திருக்க மாட்டாய். இங்கே காற்றே ஈரம். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். திருவனந்தபுரத்தில் மழைநாளில் அதில் முக்கால் பங்குக்குமேல் சாதாரணமாக நிரம்பியிருக்கும். வெப்பம் ஐந்தாறு டிகிரி குறைந்தாலே போதும், ஆவி துளியாக இறங்கிவிடும். துலாவர்ஷத்தின் குணம் உனக்குச் சீக்கிரம் பழகிவிடும்: மதியம் மண்டையைப் பிளக்கும் வெயில், நாலு மணிக்கு இடியோடு மழை. டெக்னோபார்க் ஐ.டி. வளாக வாசலில் வெயிலில் வெந்துகிடந்த கார்மேல் அந்த மழை கொட்டினால் பனி படியாமல் என்ன செய்யும்? பொன்முடி மலைக்குப் போனாலும் இதே கதைதான். கடற்கரைக் காற்றை விளக்குக்குள் அடைத்துக்கொண்டு 1,000 மீட்டர் உயரத்துக் குளிருக்குள் ஏறுகிறாய்.

ஆகவே முதல் வேலை, இது வெறும் பனியா, கசிவா என்று பிரித்துப் பார்ப்பது. ஒரு சின்னக் கணக்குப் போடு. ஹெட்லைட்டுக்குள் பத்து லிட்டர் இடம் இருக்கிறது என்றே வைத்துக்கொள். அதில் உள்ள காற்றின் ஈரம் முழுவதும் தண்ணீராக இறங்கினாலும் அரை கிராம்கூட வராது, ஐந்தாறு சொட்டுதான். அதைக் கண்ணாடி முழுக்கப் பரப்பினால் மெல்லிய படலமாகத் தெரியும், அவ்வளவே. அடியில் ஒரு ஸ்பூன் தண்ணீர் தேங்கி, வளைவில் திரும்பும்போது ஆடுகிறதென்றால் அது காற்றிலிருந்து வந்ததில்லை. எங்கோ ஓட்டை இருக்கிறது.

வேறு அடையாளங்களும் உண்டு. பனி இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி வரும், பல்புக்குத் தூரமான மூலையில் படியும், லைட்டைப் போட்டு அரை மணி நேரம் ஓட்டினால் நடுவிலிருந்து விலகத் தொடங்கும். கசிவு பெரும்பாலும் ஒரு பக்கம்தான் வரும். பெரிய துளிகள், வழிந்த கோடுகள், காய்ந்த இடத்தில் மண் வரி, நாள்பட்டால் ஓரத்தில் பச்சைப் பாசி. பாசியைப் பார்த்துவிட்டால் மேற்கொண்டு ஆராய்ச்சியே வேண்டாம்.

பனிதான் என்றால் விட்டுவிடு, உண்மையாகவே. டிம்மில் போட்டு ஓட்டு, மறுநாள் வெயிலில் நிறுத்து. ஒன்று மட்டும் நினைவில் வை. பழைய ஹாலோஜன் பல்ப் டிம்மில் 55 வாட் இழுக்கும். அதில் பெரும்பங்கு சூடாகத்தான் வெளியே வரும், அந்தச் சூடே கண்ணாடியை உலர்த்திவிடும். எல்இடி விளக்கில் வெளிச்சம் முன்னால் போகும், சூடு பின்னாலிருக்கும் உலோகத் துடுப்புகள் வழியாகப் போய்விடும். விளக்கின் கண்ணாடி குளிர்ந்தே கிடப்பதால் பனி விலக அதிக நேரம் பிடிக்கும். புதுக் கார் வாங்கிய உன் தோழி "இவ்வளவு விலை கொடுத்தும் பனியா" என்று புலம்பினால் இதைச் சொல்.

கசிவு என்றால் முதலில் பானெட்டைத் திறந்து விளக்கின் பின்பக்கத்தைப் பார். உள்ளே தண்ணீர் போவதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது, பல்புக்குப் பின்னால் இருக்கும் மூடியான டஸ்ட் கேப்பைத்தான். பல்ப் மாற்றியவர் அவசரத்தில் அதைச் சரியாக அழுத்தியிருக்க மாட்டார். ஒரு ஓரம் மடங்கி நிற்கும், இல்லையென்றால் ரப்பர் வெடித்திருக்கும். நூறு இருநூறு ரூபாய் சமாசாரத்துக்குச் செட்டையே மாற்றிவிட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதைவிட மோசம், பழைய காரில் கடையில் வாங்கிய எல்இடி பல்பைப் போட்டு, அதன் ஃபேன் இடிக்கிறது என்பதற்காக டஸ்ட் கேப்பை வெட்டியோ கழற்றியோ விடுவது. உன் காரை விற்றவர் அப்படிச் செய்திருக்கலாம், பார். ஹாலோஜனுக்காகச் செய்த ரிஃப்ளெக்டரில் அந்தப் பல்ப் எதிரே வருகிறவர் கண்ணைத்தான் கூசவைக்கும். கேரள மோட்டார் வாகனத் துறை அதற்குப் பிடித்து அபராதமும் போடுகிறது. கழற்றிவிட்டு, கம்பெனி கொடுத்த அளவு பல்பையும் மூடியையும் போட்டுவிடு. இரண்டு தலைவலியும் ஒன்றாகத் தீரும்.

அடுத்தது அந்த மூச்சுக்குழாய். இந்த ஊரில் குளவிக்கு ஒரு துளை கண்ணில் பட்டால் போதும், மண் வைத்து அடைத்துவிடும். எறும்பும் குடியேறும். குழாயை இழுத்து எடுத்து, ஊதிப் பார்த்து, சுத்தம் செய்து, வாய் கீழே பார்க்கும்படி மாட்டு. அது கழன்று விழுந்து வெறும் துளை மட்டும் இருந்தாலும் தண்ணீர் தெறித்து உள்ளே போகும். சவ்வு ஒட்டிய வகையாக இருந்தால் அதைக் குத்திச் சுத்தம் செய்யாதே, கிழிந்துவிடும்.

இரண்டும் சரியாக இருந்தால் கண்ணாடியும் பின்பெட்டியும் சேரும் ஒட்டைப் பார். பம்பரில் இலேசாக இடித்திருந்தால்கூட அந்தக் கோட்டில் விரிசல் விழும், விளக்கைப் பிடித்திருக்கும் காது உடைந்திருக்கும். உலர்த்திய விளக்கின்மேல் தோட்டக் குழாயில் மெதுவாகத் தண்ணீர் விட்டு எங்கிருந்து இறங்குகிறது என்று கவனி. வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை ஒட்டின்மேல் நேராக அடிக்க விடாதே. நல்ல விளக்கும் அதைத் தாங்காது.

உலர்த்துவது எளிது. பேட்டரி இணைப்பைக் கழற்று, டஸ்ட் கேப்பையும் பல்பையும் எடு, ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் தூரமாகப் பிடித்துக் காற்று விடு. ஹாலோஜன் பல்பின் கண்ணாடியை விரலால் தொடாதே, விரல் எண்ணெய் பட்ட இடம் அதிகம் சூடாகிப் பல்ப் சீக்கிரம் போய்விடும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தை ஒரு ராத்திரி உள்ளே வைத்து எடுக்கலாம். ஆனால் காலையில் எடுத்தே ஆகவேண்டும், மறந்து லைட்டைப் போட்டால் பல்பின்மேல் பட்டு உருகும். ரிஃப்ளெக்டரைத் துணியால் துடைக்கும் ஆசை வரும், வேண்டாம். அது மிக மெல்லிய அலுமினியப் பூச்சு. ஒரு தடவை தேய்த்தாலே கீறல் விழும், வெளிச்சம் போனது போனதுதான்.

கடைசியில் பூசி அடைக்கத்தான் வேண்டும் என்றால், ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் சிலிக்கான் டியூபை வாங்குமுன் அதன் வாடையைக் கேட்டுத் தெரிந்துகொள். வினிகர் வாடை அடிக்கும் வகை காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடும். அது உள்ளே போய் அதே அலுமினியப் பூச்சை அரிக்கும். நியூட்ரல் க்யூர் என்று போட்ட வகையைக் கேள். விரிசல் விழுந்த இடத்தில் மட்டும் பூசு. சுற்றிலும் பூசுகிற உற்சாகத்தில் மூச்சுத் துளையை அடைத்துவிடாதே. யூடியூப்காரர் சொல்லும் துளை? தண்ணீர் இறங்கும்தான். அதே வழியாகத் தூசியும் பூச்சியும் அடுத்த மழையும் ஏறும்.

வெள்ளத்தைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். ஆமயிழஞ்சான் தோடு என்கிற வாய்க்கால் நிரம்பினால் நகர நடுவிலிருக்கும் தம்பானூரில் என்ன ஆகும் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். 2015இல் ஆபரேஷன் அனந்தா என்று வாய்க்கால்களைத் திறந்துவிட்டும் பிரச்சினை முழுக்கத் தீரவில்லை. உன் பக்கமும் தப்பவில்லை, 2023 அக்டோபர் நடுவில் ஒரே ராத்திரி மழையில் தெற்றியாறு பெருகி டெக்னோபார்க் சுற்றுவட்டாரமே நீரில் நின்றது. லைட் எரிந்து சூடாக இருக்கும்போது பம்பர் அளவு தண்ணீருக்குள் காரை விட்டால், உள்ளிருக்கும் காற்று சட்டென்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். நின்ற தண்ணீரில் இறங்காதே என்பதற்கு எஞ்சின் மட்டும் காரணமில்லை. உன் அத்தானும் இதையேதான் சின்ன அளவில் செய்கிறார், நாகர்கோவில் போய் வந்து நிறுத்திய கையோடு ஹோஸை எடுத்து முகப்பில் அடிப்பார். பத்து நிமிஷம் ஆறட்டும் என்றால் கேட்பதில்லை. நீயாவது கேள். சாக்கடை கலந்த வெள்ளம் உள்ளே போய்விட்டால் வெறுமனே உலர்த்திப் பயனில்லை, ரிஃப்ளெக்டரில் சேறு படிந்து நிற்கும். அப்போதுதான் மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.

டெயில் லைட்டை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எனக்கு ஹெட்லைட்டைவிட அதுதான் கவலை, ஏனென்றால் அங்கே கசிகிற தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் டிக்கிக்குள் இறங்கும். விளக்குக்கும் கார் உடம்புக்கும் நடுவில் ஒரு நுரைக் கேஸ்கெட் இருக்கும். ஏழெட்டு வருஷ வெயிலில் அது பொடிந்துவிடும். டிக்கியில் பூஞ்சை வாடை அடித்தால் தரைவிரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னி குழியைப் பார். தண்ணீர் நின்றால் பின்சீட்டை மடக்கி உள்ளிருந்து ஒருவர் டார்ச் அடிக்க, வெளியிலிருந்து ஒருவர் விளக்கின் மேல் ஓரத்தில் தண்ணீர் விடவேண்டும். இறங்கும் இடம் உடனே தெரியும். பல கார்களில் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி நேராகப் பின்னால் இழுத்தால் விளக்கு கையோடு வந்துவிடும். புது கேஸ்கெட் போட்டு இறுக்கு. ரொம்பவும் முறுக்கினால் பிளாஸ்டிக் வெடிக்கும்.

விளக்குக்குள்ளேயே தண்ணீர் என்றால், சாதாரணப் பல்ப் வகையாக இருக்கும் பட்சத்தில், பல்ப் துளைகளை டேப் போட்டு மூடி வாளித் தண்ணீரில் அமுக்கு. குமிழி வரும் இடம்தான் ஓட்டை. எல்இடி வகையை அப்படி முக்காதே, உள்ளே சர்க்யூட் இருக்கிறது. பல்ப் ஹோல்டரில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பார்த்துவிடு. சங்குமுகம், வேளி பக்கம் குடியிருந்தால் உப்புக்காற்றில் இது இன்னும் வேகமாக வரும். இண்டிகேட்டர் போடும்போது பிரேக் லைட்டும் சேர்ந்து மினுக்கினால் எர்த் போய்விட்டது என்று அர்த்தம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, காண்டாக்ட் கிரீஸ் இலேசாகத் தடவினால் பெரும்பாலும் சரியாகிவிடும். தள்ளிப்போடாதே. கழக்கூட்டம் பைபாஸில் உன் பின்னால் வருகிறவருக்கு நீ பிரேக் பிடிப்பது தெரியவேண்டும்.

வாரண்டி உள்ள கார் என்றால் ஒட்டைப் பிரிக்கவே பிரிக்காதே. தற்காலிகப் பனி இயல்பு என்று பெரும்பாலும் மானுவலிலேயே எழுதியிருப்பார்கள், ஷோரூமில் அதைத்தான் காட்டுவார்கள். அதனால் கிளம்பும்போது ஒரு போட்டோ, லைட் போட்டு அரை மணி ஓட்டியபின் இன்னொரு போட்டோ எடுத்துக்கொண்டு போ. இரண்டிலும் தண்ணீர் அப்படியே நின்றால் அவர்களுக்குப் பேச இடமில்லை. வெறும் கசிவுக்கு இன்ஷூரன்ஸை நம்பாதே, அது விபத்திலோ வெள்ளத்திலோ சேதமானால்தான் வரும். பிளாஸ்டிக் பாகம் என்பதால் தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் பாலிசி எடுக்காவிட்டால் பாதி விலைதான் தருவார்கள்.

எந்தக் காரணத்துக்காக ஹெட்லைட்டைக் கழற்றி மாட்டினாலும், காரைச் சமதரையில் ஒரு சுவருக்கு எதிரே நிறுத்தி இரண்டு பக்க டிம் வெளிச்சமும் ஒரே உயரத்தில் விழுகிறதா என்று அன்று ராத்திரியே பார்த்துவிடு. ஏற்ற இறக்கம் இருந்தால், விளக்கின் பின்னால் இருக்கும் திருகை மெக்கானிக்கைக் கொண்டு சரிசெய்துகொள்.