மாதவிடாய் நின்றபின் ஓமோன் குளிசை

ஐம்பதை அண்டிய தாய்மார் பலருக்கு இரவில் உடல் திடீரென அனலாய்க் கொதிக்கும், வேர்த்து ஒழுகும், நித்திரை குழம்பும். சூலகங்களில் ஈஸ்ரஜன் என்னும் ஓமோன் சுரப்பது குறைவதே காரணம். அதைக் குளிசையாகக் கொடுத்தால் அனல் தணியும். எலும்புத் தேய்வும் குறையும். ஆனால் கருப்பை உள்ளவருக்கு ஈஸ்ரஜனைத் தனியே கொடுத்தால் கருப்பையின் உட்சுவரில் புற்றுநோய் தோன்றலாம். ஆகவே புரொஜெஸ்ரோன் வகை ஓமோனும் சேர்க்கப்படும்.

இக்கூட்டு மருந்தை 16,608 அமெரிக்கப் பெண்களிடம் ஆராய்ந்தவர்கள் 2002இல் ஆய்வை இடைநிறுத்தினர். மருந்து உட்கொண்டோரில், ஆண்டுக்குப் பதினாயிரம் பேருக்கு மேலதிகமாக 8 பேரிடம் மார்பகப் புற்றுநோயும், 8 பேரிடம் பாரிசவாதமும் காணப்பட்டன. உலகமே மிரண்டது, சற்று அதிகமாகவே மிரண்டது எனலாம். ஏனெனில் அப்பெண்களின் சராசரி வயது 63. அறுபது வயதுக்குள், மாதவிடாய் நின்று பத்தாண்டுக்குள் தொடங்குவோருக்கு ஆபத்துக் குறைவு எனப் பின்னர் தெளிவாயிற்று. மார்பகப் புற்றுநோயோ, பாரிசவாதமோ, குருதிக்கட்டியோ ஏற்கெனவே கண்டவர்களுக்கு இம்மருந்து பொதுவாக உகந்ததன்று.

ஆதலால், தர்மபுரத் தாய்மாரே, அயல்வீட்டு அக்காவுக்குச் சுகம் தந்த குளிசையை நீங்களும் வாங்கி விழுங்காதீர்கள். மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்தபின் ஒரு துளி இரத்தம் கண்டாலும், ‘சூட்டினால் வந்தது’ என்று கைவைத்தியத்தில் நாளைக் கடத்தாமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். பெரும்பாலும் அது புற்றுநோயாக இராது. ஆனால் பரிசோதித்தால்தான் தெரியும்.