வாணவேடிக்கையைப் படமெடுக்கலாம் வாங்க: ஆரம்பநிலையினருக்கு முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் தீபாவளியன்று பட்டாசு வெடிக்க அரசு அனுமதிக்கும் நேரம் காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை. ஊர் அதை எவ்வளவு மதிக்கிறது என்பது வேறு கதை. ஆனால் நமக்கு வேண்டிய வாணங்களில் நல்லவை அந்த இரவு ஒரு மணி நேரத்தை ஒட்டித்தான் கிளம்பும். அப்போது போய் கேமரா மெனுவைத் துழாவிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே எல்லா வேலையையும் ஏழு மணிக்கு முன்பே முடித்துவிடுவோம்.

என்ன வேண்டும்?

மேனுவல் வசதியுள்ள கேமரா எதுவானாலும் சரி. பழைய டிஎஸ்எல்ஆர், அதனுடன் வந்த 18-55 கிட் லென்ஸ் தாராளம். லென்ஸின் துளையைச் சுருக்கித்தான் எடுக்கப்போகிறோம் என்பதால் விலை உயர்ந்த லென்ஸுக்கு இங்கே வேலையே இல்லை. அத்துடன் ஒரு ட்ரைபாட், ஒரு ரிமோட், ஒரு சின்ன டார்ச், முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி.

எவ்வளவு ஆகும்?

கேமரா கையில் இருந்தால், மற்றவற்றை 2,000 முதல் 3,500 ரூபாய்க்குள் முடித்துவிடலாம். மிக மலிவான ட்ரைபாட் காற்றில் ஆடும். அதுதான் இருக்கிறது என்றால் கால்களை முழுதாக நீட்டாமல், நடுத்தண்டில் ஒரு கனமான பையைத் தொங்கவிடுங்கள். ரிமோட்டை மட்டும் தவிர்க்காதீர்கள். செல்ஃப் டைமர் போதுமே என்று தோன்றும். அது இரண்டு விநாடி எண்ணி முடிப்பதற்குள் வாணம் விரிந்து உதிர்ந்திருக்கும். கேமராவே இல்லாதவர்கள் முதல்முறை வாடகைக்கு எடுத்துப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

எங்கே நிற்கலாம்?

நம் வீட்டு மொட்டை மாடியே நல்ல இடம். முதலில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பாருங்கள். ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தினால் தெரிந்துவிடும். புகை நம்மை நோக்கி வந்தால் அன்றைக்குப் படம் தேறாது. அது பக்கவாட்டில் நகரும் மூலையாகப் பார்த்து நில்லுங்கள்.

கறுப்பு வானத்தில் வெறும் வாணம் மட்டும் இருந்தால், அந்தப் படம் எந்த ஊரில் எடுத்ததாகவும் இருக்கலாம். கோபுரம், தென்னை, எதிர்வீட்டு மாடியில் நிற்கும் பிள்ளைகள் என்று கீழே ஏதாவது ஒன்றைச் சேருங்கள். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி, மேலே நிறைய வானம் விடுங்கள்.

எப்படி அமைப்பது?

ஐஎஸ்ஓ 100. துளை எஃப் 11. வெள்ளைச் சமநிலை டேலைட். கோப்பு ‘ரா’ வடிவில். ஃப்ளாஷையும் ஸ்டெபிலைசேஷனையும் அணைத்துவிடுங்கள். ‘லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன்’ என்பதையும் அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் நான்கு விநாடிப் படம் எடுத்ததும் கேமரா இன்னொரு நான்கு விநாடி நம்மைக் காக்க வைக்கும்.

அடுத்தது ஃபோகஸ். இருட்டில் ஆட்டோ ஃபோகஸ் முன்னும் பின்னும் அலையும். மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றிவிட்டு, தூரத்துத் தெருவிளக்கு ஒன்றைத் திரையில் பெரிதாக்கி, அது கூர்மையாகும்வரை வளையத்தை மெல்லத் திருப்புங்கள். பிறகு வளையத்தின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடலாம்.

எப்போது அழுத்துவது?

விஷயமே இதில்தான் இருக்கிறது. கேமராவை ‘பல்ப்’ முறையில் வைத்தால், ரிமோட்டை அழுத்திப் பிடித்திருக்கும்வரை ஷட்டர் திறந்திருக்கும். வாணத்தின் ஒளிக்கோடு மேலே ஏறத் தொடங்கியதும் அழுத்துகிறோம். அது வெடித்து, பூவாக விரிந்து, பொறிகள் வளைந்து இறங்கி மங்கும்போது விடுகிறோம். பெரும்பாலும் 3 முதல் 6 விநாடி. கண்ணை நம்புங்கள், காதை நம்பாதீர்கள்: ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். அரை கிலோமீட்டர் தள்ளி நின்றால், சத்தம் நம்மை எட்டும்போது பூ விரிந்து ஒன்றரை விநாடி ஆகியிருக்கும்.

புதியவர்கள் குழம்புவது இங்கேதான். பொறி நகர்ந்துகொண்டே இருப்பதால் அதன் பிரகாசத்தைத் தீர்மானிப்பது துளை, நேரம் அல்ல. எத்தனை வாணம் ஒரே படத்தில் விழும், வானம் எவ்வளவு வெளுக்கும் என்பவைதான் நேரத்தின் பொறுப்பு. ஆகவே பூவின் நடு வெள்ளையாக வெந்துபோனால் துளையை 16 ஆக்குங்கள். மங்கலாக இருந்தால் 8. வானம் செம்மஞ்சளாகப் பூத்தால் நேரத்தைக் குறையுங்கள். புகை சேருவதற்கு முன் வரும் முதல் சில நிமிடங்களை வீணாக்காதீர்கள். எடுத்த ஒவ்வொரு படத்தையும் திரையில் பார்த்து ரசிப்பதைப் பிறகு வைத்துக்கொள்வோம்.

போனில் முடியுமா?

முடியும். ப்ரோ மோடு உள்ள போனை ட்ரைபாடில் பொருத்தி, ஐஎஸ்ஓவை ஆகக் குறைவாக வைத்து, ஷட்டரை 1 அல்லது 2 விநாடி ஆக்குங்கள். பெரும்பாலான போன்களில் துளையை மாற்ற முடியாது. நேரத்தை நீட்டினால் வானம் வெளுத்துவிடும். ஐபோன்காரர்கள் லைவ் போட்டோவில் எடுத்து, பிறகு அதை லாங் எக்ஸ்போஷராக மாற்றிக்கொள்ளலாம்.

எச்சரிக்கை

வெடிக்காமல் கிடக்கும் எதற்கும் அருகில் கேமராவோடு குனியாதீர்கள். பருத்தி உடை அணியுங்கள். ட்ரோன் யோசனையே வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதால் ஒரு பிளாஸ்டிக் உறையும் துண்டும் பையில் இருக்கட்டும். ஏசி அறையிலிருந்து நேராக மாடிக்குப் போனால் லென்ஸில் பனி பூக்கும்; அரை மணி நேரம் முன்பே பையோடு வெளியே வைத்துவிடுங்கள்.

தீபாவளிக்கு முந்தின நாள் இரவே மாடியேறி ஓர் ஒத்திகை பார்த்துவிடுங்கள். தெருவில் பாதிப் பேர் அன்றைக்கே ஆரம்பித்திருப்பார்கள்.