ஜீன் சிப் கருவித்துறைக்கு எதைப் படிக்கலாம்?

பொறியியல் கலந்தாய்வு நெருங்கினால் எனக்கு வரும் கேள்வி ஒன்றுதான்: "பொண்ணுக்கு ஜெனிடிக்ஸ்ல ஆர்வம், பி.டெக். பயோடெக் போட்டுடலாமா சார்?" கேட்பவர் பெரும்பாலும் அப்பா. பெண் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். தனியாக விசாரித்தால் சிலருக்கு மரபணுவைவிட அதை அளக்கும் இயந்திரத்தின் மேல்தான் ஆசை என்று தெரியவரும். ஜீன் சிப் எனப்படும், கண்ணாடியில் டி.என்.ஏ.வைப் புள்ளிகளாக வைத்த மைக்ரோஅரேயை அச்சிடும் கருவி, அதைப் படிக்கும் ஸ்கேனர் என்று போக நினைக்கும் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகவே இது.

மெக்கானிக்கல், இ.சி.இ., கம்ப்யூட்டர் சயின்ஸ் பற்றி நான் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. மூன்றிலிருந்தும் இங்கே வரலாம். புள்ளியியல் படித்தவரும் வரலாம்; ஆயிரக்கணக்கான புள்ளிகளின் அளவீட்டில் எது சத்தம், எது சேதி என்று பிரித்துச் சொல்ல அவர் வேண்டும்.

என் கவலை பயோடெக் பற்றியது. ஏன் என்று புரிய, இந்தக் கருவி எப்படிப் பிறந்தது என்று பாருங்கள். 1995இல் ஸ்டான்ஃபோர்டில் பாட்ரிக் பிரவுன் குழு, 45 அராபிடாப்சிஸ் மரபணுக்களைக் கண்ணாடியில் அச்சிட்டு ஆய்வுக்கட்டுரை வெளியிட்டது. அந்த அச்சு முறையை அவருடன் சேர்ந்து உருவாக்கிய டாரி ஷாலன் பொறியியல் மாணவர். அஃபிமெட்ரிக்ஸில் ஸ்டீஃபன் ஃபோடர் குழு, கம்ப்யூட்டர் சிப் செய்யும் ஒளி அச்சு முறையைக் கொண்டு கண்ணாடிமேலேயே டி.என்.ஏ. இழையை வளர்த்தது. அஜிலென்ட் இங்க்ஜெட்டை எடுத்துக்கொண்டது. கேள்வி உயிரியலிலிருந்து வந்தது. கருவியோ இயந்திரவியலும் ஒளியியலும் வேதியியலும் சேர்ந்து பிறந்தது.

அன்றாட வேலையும் அப்படித்தான். 25 மி.மீ.க்கு 75 மி.மீ. கண்ணாடியில் ஏறத்தாழ 100 மைக்ரான் புள்ளிகள். பேனா நிப் போலப் பிளந்த ஊசிமுனை திரவத்தை ஏந்திப்போய் வைக்க வேண்டும். அறையில் ஈரப்பதம் தவறினால் புள்ளி ஓரத்தில் தடித்து நடுவில் வெளுத்துவிடும். ஸ்கேனரில் 532, 635 நானோமீட்டர் லேசர்கள் சை3, சை5 சாயங்களை ஒளிரவைக்கும். போட்டோமல்டிப்ளையர் அந்த ஒளியை அளக்கும். காற்றில் ஓசோன் கூடும் நாளில் சை5 சிதைந்து சிவப்பு மங்கும். கருவியை அறியாதவர் மரபணுதான் அடங்கிவிட்டது என்று எழுதிவிடுவார்.

இவற்றில் எதைப் பயோடெக் மாணவர் நான்காண்டில் கைப்படச் செய்கிறார்? நான் பார்த்தவரை, உயிர்வேதியியலில் கொஞ்சம், நொதித்தலில் கொஞ்சம், மரபணுப் பொறியியலில் கொஞ்சம். லென்ஸைக் குவியவைக்கவும் தெரிவதில்லை, உயிரியலில் எம்.எஸ்சி. முடித்தவரின் ஆழமும் கிடைப்பதில்லை. பெயரில் 'டெக்' இருப்பதால் பெற்றோர் நம்புகிறார்கள். முடித்தவர்களில் பலரை நான் மீண்டும் சந்தித்தது ஐ.டி. கம்பெனிகளில்தான்.

நான் ஸ்கேனர்களோடு வாழ்ந்தவன். என் பரிந்துரை இன்ஸ்ட்ருமென்டேஷன். குரோம்பேட்டை எம்.ஐ.டி. 1949இல் தொடங்கியபோதே அந்தப் பாடப்பிரிவு அங்கே இருந்தது. அது கிடைக்காவிட்டால் நல்ல கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் எடுங்கள். ஒன்று உண்மை: மரபணு வெளிப்பாட்டை அளக்கும் வேலையில் பெரும்பகுதி மைக்ரோஅரேயிலிருந்து ஆர்.என்.ஏ. சீக்வென்சிங்குக்குப் போய்விட்டது. ஆனால் பரவலாகப் பயன்படும் சீக்வென்சர்களிலும் ஒளிரும் சாயம், கேமரா, நுண்திரவக் குழாய்கள் இருக்கின்றன. ஒளியியல் கற்றவருக்கு அங்கேயும் வேலை இருக்கிறது.

உயிரியல் படித்தவருக்குக் கருவி வராது என்று சொல்லவில்லை. பிரவுனின் ஆய்வகத்தில் உயிர்வேதியியல் மாணவராக இருந்த ஜோசப் டிரிசி அச்சிடும் ரோபோவைக் கட்டினார். அதைக் கட்டும் வழிமுறையை உலகுக்கே இலவசமாகக் கொடுத்தார். அவருக்குக் கைவேலையில் நாட்டம் இருந்தது. ஊசிமுனையை ஒரு நாள் முழுக்கச் சுத்தம் செய்தும் புள்ளி சரியாக விழாத மாலையில், மறுநாளும் வந்து உட்காரும் பொறுமை உங்களுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் ரேடியோவைப் பிரித்தவரா, பிரித்ததை மறுபடி பூட்டியவரா?

பெற்றோரே, சாய்ஸ் ஃபில்லிங்குக்கு உட்காரும் முன் பிள்ளையை ஒரு முறை பேசவிடுங்கள். அவர்கள் சொல்லும் பாடத்தை முதலில் போடுங்கள்.