படைவீரர் சங்கத்தின் ஓராண்டு

மணவாள நகர்

அன்புள்ள தம்பிக்கு,

உடல் குறையோடு திரும்பிய முன்னாள் படைவீரர்களின் சங்கத்தில் ஆண்டு முழுவதும் நடப்பது பெரும்பாலும் கோப்பு வேலை. மாலை, மேடை, பொன்னாடை எல்லாம் நாலைந்து நாள்களோடு முடிந்துவிடும். நன்கொடை வாங்கத்தான் சங்கம் என்று பள்ளிக் கட்டுரைகளில் எழுதப்படுவது தவறு. போரில் கால் இழந்தவர் மட்டுமே ஊனமுற்ற படைவீரர் என்பதும் தவறு. பனிமலையில் விரல் கருகியவர், பீரங்கி ஓசையில் செவி மந்தமானவர், வண்டி கவிழ்ந்து முதுகெலும்பு முறிந்தவர், பணிக்காலத்தில் வலிப்பு கண்டவர் என எல்லோரும் அதில் அடங்குவர்.

ஜனவரி 14 முன்னாள் படைவீரர் நாள். தரைப்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி கே. எம். கரியப்பா 1953இல் ஓய்வு பெற்ற நாள் அது. தமிழ்நாட்டில் அன்று போகியோ பொங்கலோ வந்துவிடும். ஆலைகளில் காவல் பணி பார்க்கும் முன்னாள் படைவீரர்களுக்கு ஷிப்டும் ஒத்துவர வேண்டும். திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் கூட்டம் கூட்டுவதே ஒரு வேலை.

பொங்கல் கழிந்ததும் கோப்புகளைப் பிரிக்கலாம். படையை விட்டு வரும்போது மருத்துவ வாரியம் உடல் குறையைச் சதவீதத்தில் எழுதும். அது பணியால் வந்ததா, பணியால் கூடியதா என்றும் குறிக்கும். இரண்டில் ஒன்று பொருந்தி, குறை 20 சதவீதமாவது இருந்தால் ஊன ஓய்வூதியம் உண்டு. 1996 ஜனவரி 1 முதல் வந்த முறைப்படி 50க்குக் கீழானது 50 ஆகவும், 50 முதல் 75 வரை 75 ஆகவும், அதற்கு மேல் 100 ஆகவும் உயர்த்திக் கணக்கிடப்படும். பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவர்க்கும் இது உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பழைய ஆணையில் இன்னும் 20 என்றே இருக்கும் ஒருவரைக் கண்டுபிடித்து மனு எழுத வைப்பது ஒரு விழாவைவிடப் பெரிய வேலை.

ஊன ஓய்வூதியத்தைப் பற்றி எழுத வருகிறவர் எவரும் தரம்வீர் சிங் வழக்கைப் படிக்காமல் பேனாவைத் தொடக் கூடாது. 1985இல் படையில் சேர்ந்த அவர், 1994இல் வலிப்பு நோயால் வெளியேற்றப்பட்டார். வாரியம் எழுதியது 20 சதவீதம். நோய் பணியால் வந்ததல்ல என்று ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. சேரும்போது நோய் இருந்ததாகக் குறிப்பு இல்லையென்றால், பின்னால் வந்தது பணியால் வந்தது என்றே கொள்ள வேண்டும். பணியால் வந்ததென்று நிரூபிக்கும் பொறுப்பு வீரருடையதல்ல. சேர்ந்த நாளின் மருத்துவப் பரிசோதனைத் தாள் அத்தனை முக்கியமாவது இதனால்தான். மறுப்பு வந்தால் மேல்முறையீடு. அதிலும் மறுப்பென்றால் 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயம். அதற்குச் சென்னையிலும் அமர்வு உண்டு. 2023 செப்டம்பர் 21 முதல் வெளியேறுவோர்க்குப் புதிய விதிகள் பொருந்துவதால், வெளியேறிய தேதியைப் பார்க்காமல் ஆலோசனை சொல்வது பெரும் பிழை.

இன்னொரு குழப்பமும் உண்டு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இட ஒதுக்கீடு போன்றவற்றுக்கு அளவுகோல் 40 சதவீதம். ராணுவ வாரியம் தந்த 20 சதவீதத் தாளைக் கொண்டு அங்கே போனால் வேலை நடக்காது. இரண்டும் தனித்தனிக் கணக்கு.

ஜூலை 26 கார்கில் வெற்றி நாள். விளையாட்டுப் போட்டிகளும் இந்தப் பருவத்துக்குப் பொருத்தம். போரில் முதுகெலும்பு அடிபட்டவர்களுக்காக லுட்விக் குட்மன் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1948 ஜூலை 29 அன்று, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், வில்வித்தைப் போட்டி நடத்தினார். கலந்துகொண்டவர்கள் 16 பேர். பாராலிம்பிக் அதிலிருந்து வளர்ந்தது. 1965 போரில் குண்டடி பட்ட முரளிகாந்த் பேட்கர், சிகிச்சைக்காக நீந்தத் தொடங்கி, 1972 ஹைடல்பெர்க் பாராலிம்பிக்கில் 50 மீட்டர் நீச்சலில் இந்தியாவின் முதல் பாராலிம்பிக் தங்கத்தை வென்றார். குத்துச்சண்டை வீரராக இருந்தவருக்குத் தண்ணீர் மறுவாழ்வானது. பதக்கம் வராவிட்டாலும் உடற்பயிற்சி மருத்துவமே. அதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவோர் குட்மனைப் படித்ததில்லை.

பலருக்கும் நவம்பர் வாழ்நாள் சான்றிதழ் மாதம். ஓய்வூதியர் உயிரோடிருக்கிறார் என்பதை ஆண்டுக்கொரு முறை பதிவு செய்யாவிட்டால் ஓய்வூதியம் நின்றுவிடும். 2014 முதல் இதை ஆதார் வழியே மின்னணு முறையிலும் செய்யலாம். கைரேகை தேய்ந்தவர், விரல் இழந்தவர், படுக்கையில் இருப்பவர் வீட்டுக்கே போனோடு சென்று, முகத்தைப் பதிவு செய்து முடித்துத் தருவதே உறுப்பினர்கள் செய்யக்கூடிய உருப்படியான உதவி.

டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் நாள், 16 வங்கதேசப் போர் வெற்றி நாள். இரண்டுக்கும் நடுவே டிசம்பர் 7 கொடி நாள். 1949 முதல் கடைப்பிடிக்கப்படுகிறது. மாவட்டந்தோறும் ஆட்சியர் வசூலைத் தொடங்கிவைப்பார். முன்னாள் படைவீரர்களுக்குத் தேநீர் விருந்தும் நடக்கும். சேரும் பணம் அவர்களுடைய நலனுக்கும் குடும்பங்களின் உதவிக்கும் போகிறது. ஊன ஓய்வூதியம் இந்த உண்டியலிலிருந்து வருவதல்ல. அரசு தன் கருவூலத்திலிருந்து விதிப்படி கொடுக்க வேண்டிய கடன் அது. மக்கள் தருவது அதற்கு மேலான துணை. கொடுப்பவரும் பெறுபவரும் இந்த இரண்டையும் பிரித்து அறிந்திருக்க வேண்டும்.

அன்புடன்,
உன் ஆசிரியர்